பக்கத்து நிரை

ஏப்ரலில் நுவரெலியாவில் சீசன் தொடங்கிவிட்டால் எங்கள் லயத்து, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டுப் பையன்களுக்கு வேறெதுவும் ஓடாது. குதிரைப் பந்தயம் இருக்கும், பூக்கண்காட்சி இருக்கும், கொழும்பிலிருந்து வந்த வாகனங்களால் டவுன் அடைத்துக் கிடக்கும். அண்ணனும் நானும் நானுஓயாவிலிருந்து பஸ் ஏறிப் போனது மட்டும் மாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்கு. 1930களிலிருந்து அங்கே நடந்துவரும் பந்தயம் அது. தேயிலை மலைக்கு நடுவே வளைந்து ஏறும் ரோட்டில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் விடுவார்கள். வண்டி கீழிருந்து கிளம்பி மேலே போய்ச் சேர எத்தனை வினாடி ஆனது என்று பார்ப்பார்கள். முந்துவது, இடிப்பது எதுவும் கிடையாது. வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே சத்தம் மலையில் மோதி வந்துவிடும், வளைவில் ஒரு நொடி தெரியும், பிறகு பெட்ரோல் வாசம்தான் மிஞ்சும்.

அண்ணன் அப்போது டவுனில் ஒரு கராஜில் கைவேலைப் பையனாக இருந்தார். ஒரு தடவை திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார், "அந்த வண்டியும் இந்த வண்டியும் ஒண்ணில்லயே, அப்போ எந்த சாரதி கெட்டிக்காரன்னு எப்பிடிடா தெரியும்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது. கராஜில் பழைய ஆங்கில மோட்டார் சஞ்சிகைகள் கிடக்கும், முதலாளியிடம் கேட்டு அவற்றை வீட்டுக்குக் கொண்டுவருவார். அதில் ஒரு படத்தைக் கிழித்து எங்கள் காம்பரா சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்தார். சிவப்பும் வெள்ளையுமான இரண்டு மெக்லாரன் கார்கள், ஒன்றின் பின்னால் ஒன்று. "இது ரெண்டும் ஒரே வண்டி. இங்கதான்டா தெரியும்" என்றார்.

போர்முலா 1 என்றால் என்ன என்று பிற்பாடு யார் என்னிடம் கேட்டாலும் நான் அந்தப் படத்திலிருந்துதான் தொடங்குவேன். ஒரு அணிக்கு இரண்டு கார், இரண்டு சாரதிகள். வேறு அணிக்காரன் உன்னை முந்தினால் அவன் எஞ்சின் நல்லது, அவன் கார் காற்றை நன்றாகக் கிழிக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், அதில் உண்மையும் இருக்கும். அணித்தோழன் முந்தினால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அவன் எந்த வளைவில் எத்தனை மீட்டர் தள்ளி பிரேக் பிடித்தான், எங்கே மறுபடி முடுக்கினான் என்பதெல்லாம் கணினித் திரையில் கோடாக வந்து நிற்கும், உன் கோட்டுக்கு மேலேயே வரைந்து காட்டுவார்கள். அணிக்கும் சாரதிக்கும் கணக்கு வேறு என்பதும் இதில் சேர்ந்துகொள்கிறது. அணியின் பட்டத்துக்கு இரண்டு பேருடைய புள்ளியும் சேரும், பணமும் அதை வைத்துத்தான் வரும், ஆகவே இருவரும் முதலும் இரண்டுமாக வந்தால் போதும், யார் முதல் என்பது அவர்களுக்குப் பெரிய காரியமில்லை. சாரதிக்கு அது ஒன்றுதான் காரியம்.

இதை நான் சஞ்சிகை படித்து விளங்கிக்கொள்ளவில்லை. என் அம்மாவும் பெரியம்மாவும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தவர்கள்.

தோட்டம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு முடிந்து மலைக்குப் போனதும் ஆளுக்கொரு செடி வரிசை, அதைத்தான் நிரை என்போம், பிரித்துக் கொடுப்பார்கள். அம்மாவும் பெரியம்மாவும் எப்போதும் பக்கத்துப் பக்கத்து நிரை. அதே செடி, அதே மழை, அதே அட்டை, அதே தராசு. எங்கள் தோட்டத்தில் அப்போது ஒரு முழுப் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, 16 கிலோ எடுக்க வேண்டும், குறைந்தால் அரைப் பேர்தான் விழும், அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனிக் காசு உண்டு. வேறு மலையில் எடுத்தவள் 22 கிலோ போட்டால் அங்கே கொழுந்து அதிகம் என்று விட்டுவிடலாம். பக்கத்து நிரைக்காரி ஒரு கிலோ கூடப் போட்டால் அன்று ராத்திரி தூக்கம் வராது. பெரியம்மாவின் கை அம்மாவின் கையைவிட வேகம். அம்மாவுக்கு அது முப்பது வருஷமும் தெரியும்.

1988இல் மெக்லாரன் அணிக்கு அயர்டன் சென்னா வந்தபோது அலன் ப்ரோஸ்ட் ஏற்கெனவே அங்கே இரண்டு தடவை உலக சம்பியன். அந்த வருஷம் மொத்தம் 16 பந்தயம், 15ஐ மெக்லாரனே வென்றது. சென்னா 8, ப்ரோஸ்ட் 7. அதாவது அந்த இரண்டு பேருக்கும் உலகத்தில் வேறு எதிரியே இல்லை. பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்வது தகுதிச்சுற்று. மொனாக்கோ தகுதிச்சுற்றில் சென்னா ப்ரோஸ்டைவிட 1.427 வினாடி வேகமாக ஓட்டினார். ஒரே காரில், இரண்டு முறை சம்பியனான ஒருவரைவிட! ஆயிரத்தில் ஒரு பங்கைக் கணக்குப் பார்க்கும் விளையாட்டில் இது எவ்வளவு பெரிய இடைவெளி என்பதைச் சொல்லி விளங்கவைக்க முடியாது. ஆனால் பந்தய நாளன்று முன்னால் போய்க்கொண்டிருந்த சென்னா தானாகவே தடுப்பில் போய் மோதினார், ப்ரோஸ்ட் வென்றார். ஒருத்தர் வேகம், மற்றவர் நிதானம். வருஷக் கடைசியில் மொத்தப் புள்ளி ப்ரோஸ்டுக்கு 105, சென்னாவுக்கு 94, ஆனால் அப்போதைய விதிப்படி சிறந்த 11 முடிவுகளை மட்டும்தான் எடுப்பார்கள், அப்படிப் பார்த்தால் சென்னா 90, ப்ரோஸ்ட் 87. பட்டம் சென்னாவுக்குப் போனது.

அதுவரை பரவாயில்லை. அந்த உறவு முறிந்தது அடுத்த வருஷம் இத்தாலியின் இமோலாவில், அதுவும் வேகத்தால் முறியவில்லை. தொடக்கத்தில் யார் முன்னே போகிறாரோ அவரை மற்றவர் முதல் வளைவில் முந்தக்கூடாது என்று இரண்டு பேரும் பேசிவைத்திருந்தார்கள். முதலில் சென்னா முன்னே போனார், ப்ரோஸ்ட் சொன்னபடி பின்னாலேயே இருந்தார். அப்புறம் கெர்ஹார்ட் பெர்கரின் ஃபெராரி சுவரில் மோதித் தீப்பிடித்ததால் பந்தயத்தை நிறுத்தி மறுபடி தொடங்கினார்கள். இந்தத் தடவை ப்ரோஸ்ட் முன்னே, சென்னா முந்திவிட்டார். மறுதொடக்கத்துக்கும் அந்தப் பேச்சு பொருந்துமா என்பது வக்கீல் பேச வேண்டிய விஷயம். ப்ரோஸ்டுக்கு அது சொன்ன சொல். அதற்குப் பிறகு அந்த அணியில் இரண்டு கார் இருந்தது, ஒரு அணி இல்லை. ஒக்டோபரில் ஜப்பானின் சுசுக்காவில் இருவரும் மோதிக்கொண்டதும், ப்ரோஸ்ட் இறங்கி நடக்க, சென்னா விடாமல் ஓட்டி முதலாவதாக வந்தும் அவரைத் தகுதிநீக்கம் செய்ததும், பட்டம் ப்ரோஸ்டுக்குப் போனதும் எல்லாரும் பேசுகிற கதை. எனக்கு அந்த மோதலைவிட இமோலாதான் பெரிதாகத் தெரிகிறது, ஏனென்றால் அதைப் போன்ற ஒன்று எங்கள் லயத்திலேயே நடந்தது.

அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரு பேச்சு இருந்தது. யாருக்கு முதலில் 16 கிலோ நிறைகிறதோ அவர் மற்றவரின் கூடையில் கொழுந்தைப் போட வேண்டும், இரண்டு பேருக்கும் முழுப் பேர் விழ வேண்டும். யாரும் எழுதிவைக்கவில்லை. எத்தனையோ தடவை பெரியம்மா அம்மாவின் கூடையை நிறைத்திருக்கிறார். 1998 மார்ச், நல்ல வரட்சி, செடியில் கொழுந்தே இல்லை. அன்று பெரியம்மாவுக்குக் கையில் காயம், அதனால் வாழ்க்கையில் அபூர்வமாக அம்மா முந்திவிட்டார். அம்மாவுக்கு 16 நிறைந்தபோது பெரியம்மாவுக்கு 13. கடைசி நிறுவைக்கு இன்னும் நேரம் இருந்தது. அம்மா எடுத்ததையெல்லாம் தன் கூடையிலேயே போட்டுக்கொண்டார்.

காரணம் நான்தான். எனக்குப் பள்ளிச் சப்பாத்து இல்லை, மேலதிகக் கிலோவின் காசைச் சேர்த்து அந்த மாதம் வாங்கித்தருவதாகச் சொல்லியிருந்தார். பெரியம்மாவுக்கு அன்று அரைப் பேர் விழுந்தது. மலையில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. லயத்துக்கு வந்து கூடையை இறக்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் இரண்டு காம்பராவுக்கும் நடுவே ஒற்றைச் சுவர், அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். ஏழு மாதத்துக்கு மேல் அவர்கள் பேசவில்லை. காலையில் ஒன்றாகத்தான் மலைக்குப் போனார்கள், பக்கத்து நிரையில்தான் நின்றார்கள். அந்த ஏழு மாதமும் இருவரும் எடுத்த கொழுந்து அதற்கு முன்னும் எடுத்ததில்லை, பின்னும் எடுத்ததில்லை. மேற்பார்வை பார்த்தவருக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. அம்மாவிடம் வந்து அக்காவின் கணக்கைச் சொல்வார், பெரியம்மாவிடம் போய் தங்கச்சியின் கணக்கைச் சொல்வார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் ஆறவில்லை.

அதனால்தான் 1982ஐப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சாரதிகளைவிட அணிக்காரர்கள் மேல் கோபம் வருகிறது. அதுவும் இமோலாதான், ஏப்ரல் 25. நிர்வாகச் சண்டையில் பல அணிகள் வராமல் போக, 14 கார்கள் மட்டும் ஓடின. ஃபெராரியின் ஜில் வில்னேவும் டிடியே பிரோனியும் முதல் இரண்டு இடத்தில், பின்னால் ஆபத்து எதுவும் இல்லை. அணி 'மெதுவாக' என்று ஒரு பலகையைக் காட்டியது. இருக்கிற வரிசையிலேயே வந்து சேருங்கள் என்று வில்னேவ் அதைப் புரிந்துகொண்டார். காரைப் பார்த்து ஓட்டு என்று மட்டும் பிரோனி புரிந்துகொண்டார், அல்லது அப்படித்தான் பிறகு சொன்னார். கடைசிச் சுற்றில் முந்தி வென்றுவிட்டார். பிரோனியோடு இனி பேச்சே இல்லை என்றார் வில்னேவ், பேசவும் இல்லை. 13 நாள் கழித்து, மே 8, பெல்ஜியத்தின் ஸோல்டரில் தகுதிச்சுற்று. பிரோனியின் நேரம் அவருடையதைவிடப் பத்தில் ஒரு வினாடி அளவு குறைவாக இருந்தது. அந்த நிலையில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த ஜோகன் மாஸின் கார் மேல் ஏறி வில்னேவின் ஃபெராரி பறந்தது. அன்றிரவே அவர் இறந்தார். அந்த ஓகஸ்டில் புள்ளிப்பட்டியலில் முதலிடத்தில் இருந்த பிரோனியும் ஜெர்மனியில் மழையில் விபத்துக்குள்ளாகி இரண்டு காலும் நொறுங்கிப் போனார், மறுபடி போர்முலா 1 ஓட்டவேயில்லை. 1987இல் படகுப் பந்தயத்தில் இறந்தார். அவர் இறந்த பிறகு பிறந்த இரட்டைப் பிள்ளைகளுக்கு டிடியே, ஜில் என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு பலகையில் ஒரே ஒரு சொல். பந்தயத்துக்கு முன் இரண்டு பேரையும் உட்காரவைத்து இப்படி வந்தால் இப்படி என்று தெளிவாகச் சொல்லியிருக்கலாம். பேசாமல் விட்டால் இரண்டு பேரும் இன்னும் வேகமாக ஓட்டுவார்கள் என்று நினைக்கிற முதலாளிகள் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள்.

2007இல் மெக்லாரனில் மறுபடியும் இதே கதை. பெர்னாண்டோ அலொன்சோவும் புதுப் பையன் லூயிஸ் ஹமில்டனும். ஹங்கேரி தகுதிச்சுற்றில் அலொன்சோவுக்கு வழிவிட வேண்டும் என்று பேசியிருந்தும் ஹமில்டன் விடவில்லை, பதிலுக்கு அலொன்சோ டயர் மாற்றும் நிறுத்தத்தில் காரை எடுக்காமல் நின்று ஹமில்டனின் கடைசி முயற்சியைக் கெடுத்தார். வருஷக் கடைசியில் இருவருக்கும் சரிசமமாக 109 புள்ளி. ஃபெராரியின் கிமி ரைக்கொனென் 110 எடுத்து சம்பியனாகிவிட்டார்.

நல்லபடியாக நடந்ததும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். 1956 மொன்சாவில் ஃபெராரியின் பீட்டர் கொலின்ஸுக்குப் பட்டம் வெல்ல வாய்ப்பு இருந்தது, வயது 24. அணித்தோழர் யுவான் மனுவல் ஃபாஞ்சியோவின் கார் பழுதாகி நின்றது. அந்தக் காலத்தில் ஒரே காரை இரண்டு பேர் ஓட்டிப் புள்ளியைப் பகிரலாம். கொலின்ஸ் டயரைப் பார்க்க உள்ளே வந்தவர் இறங்கிக் காரை ஃபாஞ்சியோவிடம் கொடுத்துவிட்டார், ஃபாஞ்சியோ அதை ஓட்டி இரண்டாவதாக வந்து நாலாவது தடவை சம்பியனானார். கொலின்ஸுக்கு அந்த வாய்ப்புத் திரும்ப வரவில்லை, இரண்டே வருஷத்தில் ஜெர்மனியில் பந்தயத்திலேயே போய்விட்டார். பெரியம்மா அம்மாவின் கூடையில் இரண்டு கையாலும் கொழுந்தை அள்ளிப் போடுவது எனக்கு இதைப் படிக்கும்போது அப்படியே கண்ணில் வந்தது.

கிட்டத்தில் 2024 ஹங்கேரி. மெக்லாரன் டயர் மாற்றும் வரிசையைக் குழப்பியதால் லாண்டோ நோரிஸ் அணித்தோழன் ஒஸ்கார் பியாஸ்ட்ரியைத் தாண்டி முன்னால் வந்துவிட்டார். இடத்தைத் திருப்பிக் கொடு என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சுற்றுச் சுற்றாகக் கொடுக்காமல் போனார், நானும் அண்ணனும் இனிக் கொடுக்கமாட்டான் என்றே முடிவுகட்டிவிட்டோம். 70 சுற்றில் முடிய இரண்டு மூன்று சுற்று இருக்கையில் வேகத்தைக் குறைத்து வழிவிட்டார். பியாஸ்ட்ரிக்கு அது முதல் வெற்றி. மேடையில் இரண்டு பேர் முகத்திலும் சந்தோஷம் முழுசாக இல்லை, ஆனால் சொல் நின்றது. அடுத்த வருஷம் நோரிஸ் வெறும் 2 புள்ளி வித்தியாசத்தில் ரெட் புல் அணியின் மாக்ஸ் வெர்ஸ்டாப்பனை முந்திச் சம்பியனானபோது பியாஸ்ட்ரி மூன்றாவது. அவர்களுக்குள் உரசல் இல்லாமல் இல்லை, கனடாவில் நோரிஸ் பியாஸ்ட்ரியின் பின்னால் போய் இடித்தே விட்டார், உடனே தப்பு என்னுடையது என்று சொல்லியும் விட்டார். அதைச் சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்?

ஹமில்டன், நிக்கோ ரொஸ்பெர்க் கதையை நான் லேசாகத் தொட்டுவிட்டுப் போக முடியாது. சின்ன வயதில் கார்ட் பந்தயத்தில் ஒரே அணியில் இருந்த சிநேகிதர்கள், ஒருவர் சாதாரண வீட்டுப் பிள்ளை, மற்றவர் 1982 சம்பியன் கேகே ரொஸ்பெர்க்கின் மகன். ஆம், அதே 1982, பிரோனிக்குக் கைக்கெட்டிப் போன பட்டம்தான் கேகேயிடம் வந்தது. 2013இலிருந்து இருவரும் மெர்சிடிஸில். 2014இல் ஹமில்டன், 2015இல் ஹமில்டன். 2016 ஸ்பெயினில் முதல் சுற்றிலேயே ஒருவரையொருவர் தூக்கி வெளியே எறிந்தார்கள், 18 வயது வெர்ஸ்டாப்பன் அதில் தன் முதல் வெற்றியைப் பெற்றார்.

அந்த வருஷக் கடைசிப் பந்தயம் அபுதாபியில், நம்முடைய நேரம் மாலை 6.30. அண்ணன் வீட்டு டீவியில் பார்த்தோம். ரொஸ்பெர்க்குக் குறைந்தது மூன்றாம் இடம் வேண்டும். முன்னால் போன ஹமில்டன் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்து, பின்னால் வருகிறவர்கள் ரொஸ்பெர்க்கைப் பிடிக்கட்டும் என்று ஓட்டினார். வேகமாகப் போ என்று அணி சொன்னது, கேட்கவில்லை. கடைசிச் சுற்றுகளில் நான்கு கார்கள் ஒரே கயிற்றில் கட்டியது போல ஓடின. ரொஸ்பெர்க் இரண்டாவதாக வந்தார், 385க்கு 380, சம்பியன். ஐந்தே நாளில், டிசம்பர் 2, பந்தயத்தை விட்டே விலகுவதாக அறிவித்தார். வயது 31. ஏன் விட்டார் என்று அண்ணன் ஒரு வாரம் புலம்பினார். எனக்கு ஆச்சரியமே இல்லை. பக்கத்து நிரைக்காரனை ஒரு வருஷம் முழுக்கப் பார்த்துக்கொண்டே வேலை செய்வது என்றால் என்னவென்று அந்த ஏழு மாதத்தில் பார்த்திருக்கிறேன், அம்மா சோறு தின்னும்போதுகூட அந்தப் பக்கத்துச் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த 1998 தீபாவளிக்கு முந்திய நாள் பெரியம்மா பலகாரத் தட்டோடு வாசலில் வந்து நின்றார். அம்மா அழுதார். என் காலில் அந்தச் சப்பாத்து இருந்தது. அவ்வளவுதான் நடந்தது, யாரும் எதையும் பேசித் தீர்க்கவில்லை.

1993 கடைசியில் ப்ரோஸ்ட் ஓய்வுபெற்றார். அவருடைய கடைசிப் பந்தயத்தில், அடிலெய்டில், முதலாவதாக வந்த சென்னா மேடையில் அவரைத் தன்னோடு மேல்படிக்கு இழுத்துக்கொண்டார். அப்புறம் சென்னா அடிக்கடி ப்ரோஸ்டுக்குத் தொலைபேசியில் பேசுவாராம், அதை ப்ரோஸ்டே சொல்லியிருக்கிறார். 1994இல் மறுபடி அந்த இமோலா. ஒரு பிரெஞ்சுத் தொலைக்காட்சிக்காகப் பேசிக்கொண்டே காரை ஓட்டிய சென்னா, என் நண்பன் அலனுக்கு வணக்கம், நீ இல்லாமல் எங்களுக்குக் குறையாக இருக்கிறது என்ற அர்த்தத்தில் ஒரு வார்த்தை சொன்னார். மே 1ஆம் திகதி, அதே வார இறுதியில், போய்விட்டார். சாவோ பாவ்லோவில் அவருடைய பெட்டியைத் தூக்கியவர்களில் ப்ரோஸ்டும் ஒருவர். அப்போது எனக்கு 10 வயது. அண்ணன் சுவரில் இருந்த படத்தின் முன்னால் விளக்கு வைத்தார், அம்மா திட்டவில்லை.

பெரியம்மா 2009இல் வேலையிலிருந்து நின்றார். அம்மா இன்னும் நாலு வருஷம் மலைக்குப் போனார். பக்கத்து நிரைக்கு ஒரு சின்னப் பிள்ளை வந்தது, கெட்டிக்காரப் பிள்ளை. ஆனாலும் அம்மாவின் கிலோ இறங்கிக்கொண்டே போனது. வயதாகிறது என்று நாங்கள் நினைத்தோம். பின்னேரம் அம்மா கூடையோடு படியேறி வரும் நேரத்துக்குப் பெரியம்மா லயத்து வாசலில் வந்து நிற்பார், ஒரு நாளும் தவறாது.

"எத்தன கிலோடி?"

"பதினஞ்சுக்கா."

"நான் நின்னிருந்தா பத்தொம்பது எடுத்திருப்ப."

அம்மா கூடையின் கயிற்றைத் தலையிலிருந்து எடுத்துவிட்டு, "ஆமாக்கா" என்பார். இரண்டு பேரும் பெரியம்மாவின் அடுப்படிக்குத் தேத்தண்ணி குடிக்கப் போவார்கள்.